கோல்டு கால் பழகுவது எப்படி? முதலில் முதுகைக் காட்டி உட்காருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறை. டெலிகாலிங் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு கோல்டு கால், அதாவது முன்பின் தெரியாதவருக்கு போன் அடித்து விற்பது, எப்படி என்று அங்கேதான் பயிற்சி கொடுக்கிறேன். வந்த அன்றே எல்லோரும் கேட்பது, "ஸ்கிரிப்ட் எங்க சார்?" கொடுத்தால் ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். மறுநாள் எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் "இன்னாபா, யாரு நீ?" என்றதும் முதல் வரியே மறந்துபோகும். பேசத்தான் பழகியிருக்கிறார்கள், குறுக்கே ஒரு ஆள் பேசினால் என்ன செய்வதென்று பழகவில்லை.

எனக்கும் அதே கதைதான். முதல் காலில் பேர், கம்பெனி, மூன்று ஆஃபர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். எதிர்முனையில் இருந்தவர் "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டார். அது ரைட் நம்பர்தான்.

சரி, பயிற்சிக்கு வருவோம். கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: யாருக்கு, எப்போது

போனைத் தொடும் முன் பத்து கடைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த வியாபாரம் எப்போது மூச்சு விடும் என்று குறியுங்கள். ஜவுளிக்கடைக்கு மாலையில் அடித்தால் திட்டுதான் கிடைக்கும். கடை திறந்து சாமி கும்பிட்டு முடித்து, கூட்டம் சேர்வதற்கு முந்தைய நேரம் நல்லது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி வாரங்களில் தொந்தரவே வேண்டாம். காசிமேட்டு மீன் வியாபாரிக்குக் கணக்கே வேறு. ஏலம் விடியும் முன்பே தொடங்கிவிடுவதால் நமக்கு மதியம் என்பது அவருக்குத் தூங்கும் நேரம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஐஸ் பெட்டி விற்கப் போகாதீர்கள். ஆனால் படகுக்குப் பெயின்ட் விற்பவருக்கு அதுதான் சீசன், படகெல்லாம் பழுதுபார்க்கக் கரையேறியிருக்கும்.

படி 2: மூன்று வரி

யார் பேசுகிறேன், எதற்காக, ஒரு நிமிடம் பேசலாமா. இவ்வளவுதான்.

"வணக்கம் சார், பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து பேசுறேன். கடையில பில் போடுற வேலையைப் பத்தி ஒண்ணு கேட்கணும். ஒரு நிமிஷம் பேசலாமா?"

இதை வாய்விட்டு இருபது முறை சொல்லுங்கள். "எப்படி இருக்கீங்க சார்?" வேண்டாம், முன்பின் தெரியாதவர் நலம் விசாரித்தால் சந்தேகம்தான் வரும். இன்னொன்று, சவுகார்பேட்டைக்குப் பேசும்போது பேரை வைத்து "சேட்டு" என்றோ "பாய்" என்றோ நீங்களாக அழைக்காதீர்கள். சார், மேடம் போதும். அவரே "சொல்லு தம்பி" என்று இறங்கி வந்தால் அப்புறம் அண்ணா போடலாம்.

படி 3: முதுகோடு முதுகு

என் அனுபவத்தில் உருப்படியான பயிற்சி இதுதான். இரண்டு பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகோடு முதுகாக உட்காருங்கள். எதிரெதிரே உட்கார்ந்து நடிக்கும்போது எதிராளியின் முகம் உங்களைக் காப்பாற்றிவிடும், அவன் சிரிப்பான், தலையாட்டுவான். போனில் அந்த வசதி கிடையாது. பெருமூச்சு, கல்லாப்பெட்டி மூடும் சத்தம், "ம்" என்பதன் நீளம், இவ்வளவுதான் துப்பு.

கடைக்காரராக இருப்பவர் ஐந்து சீட்டு எழுதி வைத்துக்கொண்டு ஒன்றைக் குருட்டுவாக்கில் எடுக்க வேண்டும். "வேணாம்பா." "எவ்ளோ சொல்லு மொதல்ல." "பையன் பாத்துப்பான்." "ஏற்கெனவே ஒண்ணு வாங்கி வீணாப்போச்சு." ஐந்தாவது வெற்றுச்சீட்டு. அது வந்தால் கடைக்காரர் ஒன்றுமே பேசக் கூடாது. புதியவர்கள் திணறுவது திட்டு வாங்கும்போது அல்ல, இந்த வெற்றுச்சீட்டில்தான். மூன்று நொடி மௌனம் தாங்காமல் விலையைக் குறைத்துவிடுவார்கள்! யாரும் கேட்காமலேயே.

"வீணாப்போச்சு" வந்தால் உடனே "எங்களுது அப்படி இல்ல சார்" என்று பாயாதீர்கள். "என்ன ஆச்சு சார்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடுங்கள். போன வாரம் ஒரு தங்கச்சி இப்படிக் கேட்டாள். கடைக்காரராக நடித்தவன் ஏற்கெனவே ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவன். நடிப்பை மறந்து, பண்டிகை நாளில் மெஷின் நின்றுபோய்க் கையால் பில் எழுதிய கதையை இரண்டு நிமிடம் கொட்டித் தீர்த்தான். அவள் விற்க வேண்டியது என்னவென்று அவனே சொல்லிக் கொடுத்துவிட்டான்.

ஜன்னலைச் சாத்தாதீர்கள். ஆட்டோ ஹாரனும் மீன்பாடி வண்டிச் சத்தமும் உள்ளே வரட்டும். அந்தப் பக்கமும் அதே இரைச்சல்தான் இருக்கும்.

படி 4: ரெக்கார்ட்

பயிற்சியை மொபைலில் பதிவு செய்து அன்றே கேளுங்கள். சொந்தக் குரல் நாராசமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எத்தனை நொடி பேசினீர்கள், அவர் எத்தனை நொடி என்று மட்டும் குறித்தால் போதும்.

படி 5: நிஜ கால்

சொந்த மொபைலிலிருந்து விளம்பர கால் அடிக்காதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி, பதிவு செய்த நிறுவனம் 140-இல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் அழைக்க வேண்டும். மீறினால் எதிர்முனையில் இருப்பவர் 1909-இல் புகார் கொடுக்கலாம், உங்கள் இணைப்பே போகலாம். 140 என்று பார்த்ததுமே பலர் எடுக்க மாட்டார்கள், அது உண்மை. எடுப்பவர் பாதி எரிச்சலோடுதான் எடுப்பார். அதற்குத்தான் அந்த மூன்று வரியை அவ்வளவு தேய்த்தது.

ஒவ்வொரு காலுக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். ஒரு தம்பி முதல் நாள் பன்னிரண்டு கடைக்கும் "பிஸி" என்றே எழுதி வைத்திருந்தான். என்ன பிஸி என்று கேட்டு எழுதச் சொன்னேன். மறுநாள் நோட்டில் "லோடு இறங்குது, 12 மணிக்கு மேல" என்று இருந்தது. பன்னிரண்டேகாலுக்கு அடித்தான். "சொன்ன மாதிரியே அடிச்சிட்டியே, சொல்லு" என்றார் கடைக்காரர்.