அயோவா காக்கஸில் ஓட்டு எண்ணிக்கையைக் கண்காணிப்பது எப்படி

காக்கஸ் என்பது, அதிபர் தேர்தலில் தங்கள் கட்சி வேட்பாளராக யார் வர வேண்டும் என்று கட்சிக்காரர்கள் அக்கம்பக்கத்தில் கூடித் தெரிவிக்கும் கூட்டம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அதை நடத்துவது அரசு அல்ல, கட்சிதான். எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள், அதனால் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு.

சீக்கிரமே போய்விடுங்கள். வாக்காளர் பதிவை அங்கேயே செய்யலாம், ஆனால் அது மாநிலத்தின் படிவம், அதில் தெரிந்தே பொய் முகவரி எழுதினால் குற்றம். அப்புறம் வந்திருக்கும் தலைகளை எண்ணுங்கள், குடியரசுக் கட்சிக் கூட்டம் என்றால் சீட்டுகளைக் கொட்டி எண்ணும் மேசைக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள், சீட்டு கூடுதலாக இருந்தால் கூட்டம் கலைவதற்குள் கேட்டுவிடுங்கள்.

அறிவிக்கும் எண்களைக் கட்டாயம் எழுதி வையுங்கள். 2012-ல் மௌல்டன் என்ற சிற்றூரில் ஒருவர் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார்: குடியரசுக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட ராம்னிக்கு 2 ஓட்டு. கட்சி வெளியிட்ட கணக்கில் 22! மாநிலம் முழுக்க ராம்னி 8 ஓட்டில் முந்தியதாக அன்றிரவு அறிவித்தார்கள், பிறகு சரிபார்த்தபோது அவரோடு போட்டியிட்ட சான்டோரம் 34 ஓட்டு முன்னால் இருந்தார், 8 இடங்களின் முடிவுப் படிவங்கள் கிடைக்கவே இல்லை.

தவறு கண்டால் முதலில் மாவட்டக் கட்சித் தலைமைக்கு உங்கள் தாளின் படத்தோடு எழுதுங்கள். சட்டம் கடுமையாக வேண்டும் என்று தோன்றினால் உங்கள் மாநிலப் பிரதிநிதிக்கும் எழுதுங்கள். எண்ணை மாற்றுவதையும் அடுத்தவர் பெயரில் ஓட்டுப் போடுவதையும் உட்கட்சி விவகாரம் என்று விடக்கூடாது, அது குற்றம்தான் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் களைப்பில் ஒரு இலக்கத்தைக் கூடுதலாகத் தட்டியவரைச் சிறைக்கு அனுப்பினால் அடுத்த முறை எண்ண யார் வருவார்? அதனால் ‘தெரிந்தே’ என்ற சொல் சட்டத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.