மூன்று வார லீவில் ரிஜிஸ்டர் மேரேஜ்: தமிழ்நாட்டுக்குப் புறப்படும் முன்

அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் அங்கே போலவே இங்கும் முதலில் லைசன்ஸ் வாங்கவேண்டும் என்று நினைத்து வருகிறார்கள். இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அப்படி ஒரு தாள் கிடையாது. மணமக்கள் இருவரும் இந்துக்களா என்பதில்தான் வழி பிரிகிறது.

இருவரும் இந்துக்கள் என்றால் சிக்கல் குறைவு. கோயிலிலோ மண்டபத்திலோ தாலி கட்டலாம். இந்து திருமணச் சட்டத்தில் 1967-ல் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின்படி சுயமரியாதை முறையில் மாலை மாற்றியும் மணக்கலாம். பிறகு சார் பதிவாளர் ஆபீசில் பதிவு. 2009-ம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு 150 நாள்வரை. கல்யாணம் நடந்த ஊரில் மட்டுமல்ல, 2020 திருத்தத்துக்குப் பிறகு மணமகனோ மணமகளோ வசிக்கும் இடத்திலும் பதியலாம். "பதிவெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல மறுவீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்று பெரியவர்கள் சொன்னால் தலையாட்டாதீர்கள். பல வருஷம் கழித்து வந்த பிள்ளை என்று ஆசையில்தான் கேட்கிறார்கள், மறுக்க மனசு வராது. ஆனால் ஆபீசுக்கு இருவரும் சேர்ந்து போகவேண்டும். கல்யாணத்துக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் வேலை நாட்களாக இருக்கும்படி முகூர்த்தம் குறியுங்கள்.

ஒருவர் வேறு மதம் என்றால் 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். ஊருக்கு வந்தவர்களின் லீவு கரைவது இங்கேதான்.

கல்யாணம் செய்யப்போகிறோம் என்று திருமண அலுவலருக்கு முதலில் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். அந்த நாளுக்கு முன் தொடர்ந்து 30 நாள் அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். அது இருவரில் ஒருவருக்கு இருந்தாலே போதும். இது தெரியாமல் வெளிநாட்டிலிருந்து வந்தவர் தன் பெயருக்கு முகவரிச் சான்று தேடி அலைகிறார். ரேஷன் கார்டில் பெயர் எடுத்து வெகுகாலம் ஆகியிருக்கும், கரண்ட் பில் தாத்தா பெயரில் இருக்கும். நாம் விட்டுவிட்டுப் போன வீடு நமக்குச் சாட்சி சொல்லாது. ஊரில் இருக்கும் துணையின் ஆதாரை வைத்து அவருடைய மாவட்டத்திலேயே நோட்டீஸ் கொடுங்கள்.

பாரத்தில் 'நிரந்தர முகவரி' என்ற கட்டம் வரும். பாசத்தில் பிறந்த ஊரை எழுதிவிடாதீர்கள். ஒருவருடைய நிரந்தர வசிப்பிடம் வேறு மாவட்டமாக இருந்தால் நோட்டீசின் நகல் அந்த மாவட்ட அலுவலருக்கும் போய், அங்கும் ஒட்டப்படும். உண்மையில் எங்கே குடியிருக்கிறீர்களோ அதையே எழுதுங்கள், அது டொரண்டோவாக இருந்தாலும்.

அடுத்து, கல்யாணத்துக்கு இன்னொரு 30 நாள் காத்திருப்பு. இந்தக் கணக்கு நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து ஓடாது, அதை ஆபீஸ் போர்டில் ஒட்டிய நாளிலிருந்துதான் ஓடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம்கூட ஆகலாம். ஒட்டிய தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். சொந்தக்காரர் யாராவது ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், விசாரித்து முடிவு சொல்ல அலுவலருக்கு மேலும் 30 நாள் உண்டு. ஆட்சேபிக்கக் காரணங்கள் சிலதான்: வயது (ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18), உயிரோடிருக்கும் முந்தைய துணை, மனநிலை, தடுக்கப்பட்ட உறவுமுறை. பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. ஆனாலும் அந்தக் காகிதம் விமான டிக்கெட்டைத் தின்றுவிடும். நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.

நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் அந்த நோட்டீஸ் செல்லாது, முதலிலிருந்து தொடங்கவேண்டும். 2022-ல் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு ஜோடிக்கு 30 நாள் கடந்தும் கல்யாணம் நடத்தி வைக்கப்படவில்லை. லீவு முடிந்து மாப்பிள்ளை அமெரிக்கா திரும்பிவிட்டார். மணமகள் வழக்குப் போட, மூன்று சாட்சிகள் முன்னிலையில் காணொலி வழியே நடத்தச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதை நம்பி யாரும் திட்டம் போடக்கூடாது. இரண்டு பயணமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒரு முறை வந்து நோட்டீஸ், மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்து கல்யாணம். மூன்று சாட்சிகளையும் அடையாள அட்டையோடு தயாராக வைத்திருங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர், மணமாகாதவர் என்ற சான்றைக் கிளம்பும் முன்பே வாங்கவேண்டும்.

மாமன் மகளையோ அத்தை மகனையோ மணப்பவர்கள் இந்தச் சட்டத்தின் பக்கமே போகாதீர்கள். நமக்கு அது முறைப்பெண், முறைமாப்பிள்ளை. இதன் முதல் அட்டவணையில் தடுக்கப்பட்ட உறவு. வழக்கத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த வழக்கம் அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் அந்த அறிவிப்பு தேவையில்லை, வழக்கம் இருந்தாலே போதும்.

கடைசியாக இனிஷியல். ஆதாரில் 'சு. குமார்' என்றும் பாஸ்போர்ட்டில் 'குமார் சுப்பிரமணியன்' என்றும் இருந்தால், கவுன்டரில் எது முதலில் நீட்டப்படுகிறதோ அதுவே சான்றிதழில் ஏறும். விசா ஆபீசுக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். பெயருக்குச் சான்றாகப் பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டுங்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகே கையெழுத்து. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள துணைக்கு ஓசிஐ கார்டு (இந்தியாவுக்கு விசா இல்லாமல் வந்து தங்க உதவும் அட்டை) எடுக்கும் எண்ணம் இருந்தால் கல்யாணம் பதிவாகியிருப்பதோடு இரண்டு வருஷம் நீடித்திருக்கவும் வேண்டும். சான்றிதழுக்கு அபோஸ்டில் (வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அரசு முத்திரை) வாங்க மாநில அரசின் அத்தாட்சி முதலில், வெளியுறவுத் துறை பிறகு. ஊரை விட்டுக் கிளம்பும் முன் அசலை நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.