ஒரு பிழைக்குப் பின்னால் வரும் அடுத்த பிழை

அப்பாடா, மூன்று வாரத் தலையிடி தீர்ந்தது. ஹட்டனில் எங்கள் பேஸ்போல் பிள்ளைகள் ஒரு பந்தைத் தவறவிட்டால், அடுத்த எறியும் கோணலாகத்தான் போகும். ஒரு பேஸிலிருந்து (ஓடுபவர் தொடவேண்டிய மூலை) அடுத்த பேஸுக்கு 27.43 மீட்டர் எறியும் பயிற்சியைக் கூட்டினேன். பிழைக்கு ஒரு சுற்று ஓடவிட்டேன். பயம்தான் கூடியது.

பிழை நடந்த கையோடு நான் பேனையை எடுத்துக் கொப்பியில் குறிப்பேன். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்கும் ஷோர்ட்ஸ்டொப் பிள்ளையின் கண் பந்தில் இல்லை, என் பேனையில் இருந்தது!

இப்போது இன்னிங்ஸ் முடிந்த பிறகுதான் எழுதுகிறேன். தவறவிட்டவர் கையுறையைத் தட்டி, எத்தனை அவுட் என்று பக்கத்தவருக்கு விரலால் காட்டி, அடுத்த பந்தை எந்த பேஸுக்கு எறிவதென்று உரக்கச் சொல்லவேண்டும். பிட்சர் எறியத் தயாராகுமுன் மூன்றும் முடியவேண்டும். பனிமூட்டம் இறங்கினால் விரல் தெரியாது, அவுட்டையும் வாயால்தான் சொல்லவேண்டும்.