பிலிம் ரோலைத் தபாலில் அனுப்பிக் கழுவி வாங்க: வேலூர்ப் பக்கத்து நண்பர்களுக்கு

ரோலை வெளியூர் லேபுக்கு அனுப்பினால் அவர்களே கழுவி, ஸ்கேன் செய்து, படங்களை இறக்கிக்கொள்ள லிங்க் அனுப்பிவிடுவார்கள். நெகட்டிவ் பின்னால் தபாலில் வரும். ஆனால் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வருஷத்துக்கு ஒரு முறைதான். அந்த ரோல் கெட்டால் மறுபடி எடுக்க வழியில்லை. அதனால் அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

முதலில், எடுத்து முடித்த ரோலை டப்பாவுக்குள் திருப்பிச் சுற்றுவது. 35 எம்எம் கேமராவில் அடிப்பக்கத்து பட்டனை அழுத்திவிட்டு, கைப்பிடியை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். கையில் ஒரு இறுக்கம் தெரிந்துகொண்டே இருக்கும். கடைசியில் அது சட்டென்று விடும். அதற்குப் பிறகும் நாலைந்து சுற்று சுற்றி, நுனியை டப்பாவுக்குள் முழுக்க இழுத்துவிடுங்கள். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புது ரோல் என்று நினைத்து யாராவது மறுபடி கேமராவில் போட்டுவிடுவார்கள். 36 படம் முடிந்த பிறகும் லீவரை பலமாக இழுத்து பிலிம் ஸ்பூலிலிருந்து பிய்ந்துவிட்டால் மூடியைத் திறக்காதீர்கள். சேஞ்சிங் பேக் (கையை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்யும் ஒளி புகாத பை) வைத்திருப்பவரிடம் கொடுத்து எடுத்து, ஒளி புகாத கறுப்பு டப்பாவில் போட்டு, டேப் ஒட்டி, ‘இருட்டில் மட்டும் திறக்கவும்’ என்று மேலே எழுதுங்கள். 120 ரோல் (டப்பா இல்லாமல் காகிதத்தோடு சுற்றி வரும் அகலமான பிலிம்) என்றால் தளராமல் இறுக்கிச் சுற்றி, காகிதப் பட்டையை ஒட்டி, அலுமினியத் தாளில் பொதியுங்கள். தளர்ந்த ரோலில் ஓரத்தில் வெளிச்சம் இறங்கும்.

அடுத்து, ரோல் மேலேயே பர்மனென்ட் மார்க்கரில் எழுதுங்கள்: பெயர், ரோல் எண், எந்த ஐஎஸ்ஓவில் (பிலிமின் ஒளி உணர்வு எண்) எடுத்தது. 400 பிலிமை 1600-ல் எடுத்திருந்தால் ‘2 ஸ்டாப் புஷ்’ (இரண்டு படி கூடுதலாகக் கழுவ வேண்டும் என்று பொருள்) என்று ரோலிலும் எழுதுங்கள், உள்ளே வைக்கும் சீட்டிலும் எழுதுங்கள். சொல்லாவிட்டால் வழக்கமான நேரத்துக்குத்தான் கழுவுவார்கள், நெகட்டிவ் வெளிறிப்போகும்.

எந்த முறையில் கழுவ வேண்டும் என்பதும் முக்கியம். சாதாரண கலர் நெகட்டிவுக்கு சி-41 என்ற முறை. கறுப்பு வெள்ளைக்கும் ஸ்லைடுக்கும் முறை வேறு. சினிமா பிலிமை வெட்டிச் சுற்றி விற்கும் ரோல்களில் பின்பக்கம் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருக்கலாம். அது சி-41 இயந்திரத்துக்குள் போனால் கரைந்து, மருந்தையும் கெடுத்து, அடுத்தவர் ரோலையும் கெடுக்கும். அப்படிப்பட்ட ரோலை ‘ஈசிஎன்-2’ (சினிமா பிலிமைக் கழுவும் முறை) என்று குறிப்பிட்டு, எடுத்துக்கொள்வீர்களா என்று லேபில் கேட்ட பிறகே அனுப்புங்கள்.

டப்பாக்களை ஜிப் கவரில் போட்டு, பபிள் ரேப் சுற்றி, அட்டைப்பெட்டியில் வையுங்கள். வெறும் கவரில் அனுப்பினால் முத்திரை குத்தும்போதே நசுங்கலாம். சீட்டில் பெயர், போன் நம்பர், பின்கோடோடு முகவரி, ரோல்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கட்டும். தபால் பெட்டியில் போடாதீர்கள். கவுன்ட்டரில் கொடுத்து ஸ்பீட் போஸ்ட் ரசீது வாங்கி, அதிலுள்ள, எழுத்தும் எண்ணுமாக 13 இடம் கொண்ட டிராக்கிங் நம்பரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திங்கள், செவ்வாயில் அனுப்பினால் ஞாயிறு முழுக்க வழியில் கிடக்காது. சிரசு வருவதே கத்திரி வெயில் நேரம், வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள். எடுத்த ரோலை பைக் டேங்க் கவரிலோ கார் டேஷ்போர்டிலோ விட்டுவைத்தால் நிறம் மாறும், பனிமூட்டம் போல மங்கும். அனுப்பும் வரை ஜிப் கவரில் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். கல்யாண ரோல்கள் என்றால் இரண்டு பார்சலாக, வேறு வேறு நாளில் அனுப்புங்கள். புது லேப் என்றால் முதலில் சாதாரண ரோல் ஒன்றை மட்டும் அனுப்பிப் பாருங்கள்.

ஸ்கேன் அளவைப் பொறுத்தவரை, மேக்ஸி பிரிண்டுக்கு (6×4 அங்குலம்) 1800×1200 பிக்சல் போதும். 12×8 அங்குலத்தில் போட்டு மாட்ட வேண்டுமானால் 3600×2400 தேவை. நெகட்டிவைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஆர்டரிலேயே குறிப்பிடுங்கள். கேட்காவிட்டால் சில லேபுகள் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டுக் கழித்துவிடும்.

லிங்க் வந்த அன்றே எல்லாப் படத்தையும் இறக்குங்கள். அது சில நாளில் காலாவதியாகிவிடும். கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, அப்புறம்தான் பகிர்வது. கூகுள் போட்டோஸில் ஏற்றும்போது ஒரிஜினல் குவாலிட்டியைத் தேர்ந்தெடுங்கள். 2021 ஜூனிலிருந்து எல்லாமே 15 ஜிபி இலவச இடத்தில் கணக்காகிறது என்பதை மறக்க வேண்டாம். படங்கள் ஸ்கேன் செய்த தேதியில் போய் உட்காரும். எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, எடுத்த தேதிக்கு மாற்றுங்கள். ஆல்பம் லிங்க் கையில் கிடைத்த யாரும் படங்களைப் பார்க்கலாம். குழந்தைகள் படம் இருந்தால் பெரிய குரூப்பில் போடாமல், வேண்டியவர்களுக்குத் தனியாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஸ்டூடியோவில் பிரிண்ட் போடப் போகிறவருக்கு டாக்குமென்டாக அனுப்புங்கள்.

படம் சரியில்லை என்றால் லேபோடு சண்டைக்குப் போகும் முன் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்து எழுத்துகளைப் பாருங்கள். பிலிம் பெயரும் எண்களும் தெளிவாக இருந்து படம் மட்டும் காலி என்றால் கேமராவில் பிலிம் ஓடவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓர எழுத்தும் இல்லையென்றால் கழுவியதில் கோளாறு. முழுக்கக் கறுத்திருந்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது. எல்லாப் படத்திலும் நீளவாக்கில் ஒரே நேர்க்கோடு ஓடினால் கீறல். கேமராவின் பின்தகட்டில் மணல் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கோடு ஸ்கேனில் மட்டும் இருந்து நெகட்டிவில் இல்லையென்றால் மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லலாம்.

ஆறு ஆறு படமாக வெட்டி வரும் நெகட்டிவை உறையோடு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் பீரோவுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். உறைமேல் ஸ்கேன் ஃபோல்டரின் அதே பெயரை எழுதுங்கள்.