வேலூர் வெயிலில் போன ஸ்கின் பசையை வீட்டிலேயே மாற்றுவது எப்படி

இரண்டு வருடத்துக்கு முன் காஷ்மீரின் குல்மார்க்கில், அபர்வத் மலைச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தபோது, என் இடது ஸ்கீயின், அதாவது பனிச்சறுக்குப் பலகையின், அடியில் ஒட்டியிருந்த ஸ்கின் பட்டை வால் பக்கமிருந்து உரிந்துவிட்டது. இடைவெளியில் பனி புகுந்தது, அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டவே இல்லை. ஒரு அடி ஏறினால் அரை அடி பின்னால் வழுக்கல். ரப்பர் ஸ்ட்ராப் போட்டுக் கட்டி ஒப்பேற்றினேன். கழற்றிப் பார்த்தால் பசை பாதிக்கு மேல் ஸ்கீயின் அடிப்பக்கத்திலேயே பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

குளிரில் கெட்டுப்போனது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அது கெட்டது மே மாதம், சத்துவாச்சாரியில், எங்கள் வீட்டுப் பரணில். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண். அக்னி நட்சத்திரத்தில் அதற்குள் கைவிட்டால் வடைச்சட்டிச் சூடு. பசை உருகி, துணிக்குள் ஊறி, தன் பிடியை இழந்துவிட்டது. நம் ஊரில் ஸ்கின் மலையில் சாவதில்லை, பரணில் சாகிறது.

ஸ்கின் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: ஏறும்போது ஸ்கீயின் அடியில் ஒட்டிக்கொள்ளும் நீளமான பட்டை. ஒரு பக்கம் மயிர், மறுபக்கம் பசை. மயிர் பூனை முதுகு மாதிரி. முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் இழுத்தால் சிலிர்த்துப் பிடிக்கும். உச்சியில் உரித்து மடித்து உள்ளே போட்டுவிட்டுச் சறுக்கி இறங்கலாம். மொஹேர், அதாவது அங்கோரா ஆட்டு முடி, நன்றாக வழுக்கும். நைலான் அதிகம் உழைக்கும். என்னுடையது இரண்டும் கலந்தது. முதன்முதலாக வாங்குபவர்களுக்கும் அதையே சொல்வேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

தேவையானவை: ஸ்கீயைவிட நீளமான ஒரு பலகை, நான்கு சி-கிளாம்ப், பழைய மின்சார இஸ்திரிப் பெட்டி, காக்கித்தாள், பட்டி பார்க்கும் தகடு, பூரிக்கட்டை, புதுப் பசை. இஸ்திரிப் பெட்டி தியாகம் செய்யத் தயாரான பழசாக இருக்கட்டும். வீட்டில் தினம் ஓடும் பெட்டியை எடுத்து நான் வாங்கிய பேச்சு உங்களுக்கு வேண்டாம். தெருமுனை அண்ணனின் கரிப்பெட்டியும் வேண்டாம், சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது. அதிகச் சூட்டில் நைலான் மயிர் உருகும், தண்ணீர் புகாமல் தடுக்கும் உள் ஜவ்வும் போய்விடும்.

பசை பற்றி. இது குழாயில் வரும், நாடாவாகவும் வரும். குழாய்ப் பசை தீப்பிடிக்கும் ரகம், அதை விமானத்தில் கொண்டுவர முடியாது. நாடா அப்படியில்லை: மெழுகுத் தாளில் பசை மட்டும் படிந்திருக்கும், இஸ்திரி போட்டு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஜெர்மனியிலிருந்து வந்த சித்தப்பா மகன் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். குழாய் மலிவாகக் கிடைத்தாலும் நான் நாடாதான் வாங்குவேன். குழாய்ப் பசையை ஒரே சீராகத் தடவுவது கைப்பழக்கம் உள்ளவர்கள் வேலை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ ஒட்டும் பசைக்குப் பஞ்சமா? எனக்கும் அந்த ஆசை வந்தது. டப்பா வாங்கி ஒரு துண்டில் தடவி ஸ்கீயில் ஒட்டினேன். அருமையாக ஒட்டியது, உரிக்கத்தான் முடியவில்லை. ஷூ பசை ஒருமுறை ஒட்டினால் ஆயுசுக்கும் ஒட்டுவதற்கென்றே செய்தது. ஸ்கின் பசை நூறு முறை ஒட்டி நூறு முறை உரிய வேண்டும், பூஜ்யத்துக்குக் கீழும் இறுகாமல் இருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் இதே கதைதான்.

பழைய பசையை எடுப்பது: ஸ்கின்னைப் பசைப்பக்கம் மேலே தெரிய பலகையில் இழுத்துக் கிளாம்ப் போடுங்கள். மேலே காக்கித்தாள், அதன்மேல் நீராவி இல்லாமல் இஸ்திரி. சூட்டைக் குறைவாக வைத்துத் தொடங்கி, வெட்டிய துண்டு ஒன்றில் சோதித்துவிட்டு ஏற்றுங்கள். தாளில் பசை ஊறி நிறம் மாறியதும், சூடு ஆறுவதற்குள் உரியுங்கள். பசை தாளோடு வரும். ஒரு அடி, ஒன்றரை அடியாக நகர்ந்து முழுதும் முடித்து, மறுபடி முதலிலிருந்து. எனக்கு நான்கு சுற்று ஆனது. ஓரத்தில் திரண்டிருப்பதை மட்டும் தகடால் சுரண்டுங்கள். லேசான படலம் மிச்சமிருந்தால் விட்டுவிடலாம். செய்தித்தாள் கூடாது, எழுத்து தலைகீழாகப் பசையில் பதிந்துவிடும்.

புதுப் பசை: நாடாவை ஸ்கின் அகலத்துக்கு வெட்டி, சுருக்கமில்லாமல் வைத்து, தாளின் மேல் மெதுவாக இஸ்திரி. உடனே பூரிக்கட்டையால் அழுத்தி உருட்டுங்கள். இதுவரை சுலபம்.

நான் சறுக்கிய இடம் அடுத்தது. பழைய பசையைச் சூட்டோடு உரிக்க வேண்டும். நாடாவின் தாளை நேரெதிராக, நன்றாக ஆறிய பிறகுதான் உரிக்க வேண்டும். அரைமணி நேரம் காத்திருந்துதான் உரித்தேன். ஆனால் அது மே மாதப் பகல், அறையே கொதித்தது, ஆறுவதற்கு இடமேது? பலாப்பழம் அரிந்த கைபோல நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. பாதிப் பசை தாளில், பாதி ஸ்கின்னில். ஒரு நாடா வீண், முதலிலிருந்து சுரண்டல்.

இரண்டாம் முறை மார்கழி விடியற்காலை ஐந்து மணிக்குச் செய்தேன். அதோடு எவர்சில்வர் தட்டில் ஐஸ்கட்டி வைத்து, தட்டின் வெளியே வேர்க்கும் நீரைத் துடைத்துத் துடைத்து, தாளின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். மூலையைத் தூக்கினால் தாள் சரக்கென்று சுத்தமாக வந்தது. பசை ஒரே சீராக மினுங்கியது.

சோதனையை வேலூர் வெயிலில் செய்யாதீர்கள், இங்கே எந்தப் பசையும் ஒட்டுவதுபோலத்தான் தெரியும். ஒரு துண்டை டப்பாவில் மூடி ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்து, எடுத்தவுடன் மடித்து ஒட்டி உரித்துப் பாருங்கள். கொஞ்சம் முரண்டு பிடித்து, பசை விடாமல் பிரிந்தால் சரி. மீனுக்குப் பக்கத்தில் இது என்ன கண்றாவி என்று அம்மா கேட்பார்கள், தயாராக இருங்கள்.

இப்போது நான் ஸ்கின்னை வலைத்துணி இடையில் வைத்துச் சுருட்டி, காற்றுப் புகாத பையில் போட்டு, நடு அறையில் பீரோவின் அடித்தட்டில் வைக்கிறேன். பசையும் பசையும் நேராக ஒட்டிக் கோடை முழுக்கக் கிடந்தால் பிரிக்கும்போது ஒன்று மற்றொன்றைப் பிய்த்துவிடும். மலையில் இரண்டு ஏற்றத்துக்கு நடுவே ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்ளுங்கள், ஒட்டுமுன் ஸ்கீயின் அடியைத் துடையுங்கள். இரண்டு ரப்பர் ஸ்ட்ராப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

இன்னொன்று: பனிச்சரிவு அதிகம் விழுவது 30 முதல் 45 டிகிரி சரிவுகளில். அப்படிப்பட்ட இடத்தில் குனிந்து ஸ்கின்னோடு மல்லுக்கட்ட நேர்ந்தால், டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரை ரேடியோ அலையால் தேடும் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), மண்வாரி மூன்றும் உங்களிடமும் உடன் வருபவரிடமும் இருக்க வேண்டும், பழகியும் இருக்க வேண்டும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்து பார்த்த ஒருவர், தாள் உருகி ஸ்கின்னோடு ஒட்டிக்கொண்டது என்று எழுதியிருந்தார். விசாரித்தால், பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடும் பளபளப்பான பிரவுன் ஷீட். அதில் மேலே பிளாஸ்டிக் பூச்சு உண்டு. என் தப்பு, சொல்லியிருக்க வேண்டும். நான் லாங்கு பஜாரில் வாங்கியது, சாமான் கட்டித் தருகிற சொரசொரப்பான காக்கித்தாள். வாங்குமுன் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். நார் நாராகக் கிழிந்தால் வாங்கலாம், ஜவ்வாக இழுபட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.