காரை மண்மேடுகளைப் பார்க்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்துப் பக்கம் இருக்கும் மண்மேடுகளை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். 'தமிழ்நாட்டின் கிராண்ட் கேன்யன்' என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். அதை நம்பிக் கிளம்புவதுதான் முதல் கோளாறு. அமெரிக்காவில் இருப்பது கொலராடோ ஆறு பாறையை அறுத்துத் தோண்டிய பெரும்பள்ளம். இங்கே இருப்பது மழை அரித்த களிமண். பிரம்மாண்டத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் 'இவ்வளவுதானா' என்று நாலு செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியதை மிதித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

இது கடலடியில் படிந்த சேறு. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், இந்தியா தென்கண்டங்களை விட்டு விலகிக்கொண்டிருந்தபோது கடல் உள்ளே வந்து இந்தப் பகுதியை மூடிக்கொண்டது. இன்றைய கடற்கரை கிழக்கே ஏறக்குறைய 100 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஆகவே வேகமாக நடக்காதீர்கள். ஓரிடத்தில் குந்தி உட்கார்ந்து தரையைப் பாருங்கள். துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு பழுப்புக் கல் கிடக்கலாம். அது பெலம்னைட், கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி. வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்கும். உடைந்த முனையைத் திருப்பிப் பார்த்தால், நடுப்புள்ளியிலிருந்து நாலாபக்கமும் கதிர்கதிராகப் படிகக் கோடுகள் ஓடும்.

வெயிலில் மினுங்கும் தகடுகளைப் பார்த்துவிட்டு, யாரோ பாட்டிலை உடைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று திட்டுகிறவர்களும் உண்டு. நகத்தால் கீறிப் பாருங்கள், கோடு விழும். அது ஜிப்சம்.

அப்புறம் இந்த டைனோசர் முட்டை விவகாரம். 2020-இல் குன்னம் பகுதியில் உருண்டைக் கற்கள் கிடைத்ததும் முட்டை என்று செய்தி பரவியது. நிபுணர்கள் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். சேற்றில் கிடந்த சிப்பித் துணுக்கையோ வேறு ஏதாவதையோ சுற்றிச் சுண்ணாம்புச் சத்து திரண்டு இறுகினால் இப்படி உருண்டை உண்டாகும். கடலடியில் போய் டைனோசர் எங்கே முட்டையிடும்? டைனோசர் எலும்பு கிடைத்தது அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில், கடல் பின்வாங்கிய பிறகு ஆற்று நீர் சேர்த்த படிவில்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இந்தப் புதைபடிவங்களைப் பை நிறைய அள்ளிப்போகிறவர்கள் மேல்தான். 'இவ்வளவு கிடக்கிறதே, ஒன்று எடுத்தால் என்ன?' என்பார்கள். எந்த அடுக்கில் என்ன கிடந்தது என்பதை வைத்துத்தான் அந்த அடுக்கின் வயதையே சொல்ல முடியும். 1862-இல் புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு வெளியிட்ட ஆய்வில் இந்தப் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பெயர்களை ஆய்வாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். இடத்தைவிட்டு எடுத்து ஷோகேஸில் வைத்துவிட்டால் அது வெறும் கல். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் போட்டோ எடுங்கள், அளவும் தெரியும், அதுவே போதும்.

நேரம் முக்கியம். மருந்துக்குக்கூட நிழல் கிடையாது. சித்திரை, வைகாசியில் உச்சிவெயிலில் போவது வேண்டாத வேலை. காலையில் போனால் சாய்வெயிலில் அரிப்புக் கோடுகளும் தெளிவாகத் தெரியும். மழை பெய்து ஓய்ந்ததும் 'பசுமையாக இருக்கும்' என்று போகாதீர்கள்: களிமண் செருப்போடு அப்பிக்கொண்டு வரும், சரிவில் கால் நிற்காது. காய்ந்திருந்தாலும் கத்திமுனை போன்ற முகடுகளில் ஏறி நின்று படம் எடுப்பது வேண்டாம். ஓரம் கெட்டியாகத்தான் தெரியும், அடியில் தண்ணீர் குடைந்திருக்கும். பைக்கை உள்ளே ஓட்டினால் டயர் தடத்தில் அடுத்த மழை புது ஓடை போட்டுவிடும்.

காரையோடு திரும்பிவிடுவதும் தவறுதான். பக்கத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கிறது. 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. கடல் படிவில் மரம் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கரையில் வளர்ந்த மரத்தை ஆறு அடித்துக்கொண்டுவந்து கடலில் சேர்த்தது, சேற்றில் புதைந்து கல்லாகிவிட்டது. இன்னும் நேரம் இருந்தால் அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம். முடிந்தால் அங்கே முதலில் போங்கள்; சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் எது, பெலம்னைட் எது என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் காரையில் தேடுவது சுலபம். கிளம்பும் முன் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.