பிரெட் ஸ்டஃபிங் களியாவது ஏன்?

அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங், அதாவது நன்றி நவிலும் நாள். கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்கள்கிழமை. அன்றைய விருந்தில் வான்கோழிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் பிரெட் ஸ்டஃபிங் இருக்கும். காய்ந்த ரொட்டித் துண்டு, வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், செலரி, கொஞ்சம் சேஜ், தைம் (இரண்டும் வாசனை இலைகள்), எலும்பு வேகவைத்த ஸ்டாக், முட்டை. அவ்வளவுதான். பொருள் பட்டியலைப் பார்த்தால் யாரும் செய்துவிடலாம் போலத் தோன்றும். ஓவனிலிருந்து எடுத்து கரண்டியை விட்டால்தான் தெரியும், அடியில் களி, மேலே மரத்தூள்.

சொதப்பலில் முக்கால்வாசி ஈரம் சம்பந்தப்பட்டது. ரொட்டியில் போயிருக்க வேண்டிய ஈரம் போகவில்லை, அல்லது வரவேண்டிய ஈரம் தப்பான நேரத்தில் வந்துவிட்டது. மசாலா கூடினாலும் குறைந்தாலும் சாப்பிட்டுவிடலாம். களியான ஸ்டஃபிங்கைக் காப்பாற்றுவது கஷ்டம்.

பேச வசதியாக ஓர் அளவை வைத்துக்கொள்வோம். ரொட்டி ஒரு பவுண்ட் (சுமார் 450 கிராம்), வெண்ணெய் 113 கிராம் (அமெரிக்கக் கடையில் ஒரு குச்சி), பெரிய வெங்காயம் 2, செலரித் தண்டு 4, ஸ்டாக் 2 முதல் 2½ கப், முட்டை 2. 9-க்கு 13 அங்குல ட்ரேயில் எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும்.

பழைய ரொட்டியே போதும் என்று விட்டுவிடுவது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. "ரெண்டு நாள் பழைய ரொட்டியை எடுத்துக்கொள்ளவும்" என்று குறிப்புகளில் இருக்கும். நாமும் ரொட்டியைப் பையோடு அப்படியே வைத்திருந்து வெட்டிப் போடுவோம்.

ரொட்டி பழசானால் விறைக்கும், சரி. அந்த விறைப்பு ஈரம் போனதால் மட்டும் வருவதில்லை. வெந்த மாவுச்சத்து ஆறியபின் மெல்ல மெல்ல மறுபடி இறுகுகிறது. பழைய ரொட்டியைச் சூடு காட்டினால் திரும்ப மெத்தென்று ஆவது இதனால்தான். பிளாஸ்டிக் பைக்குள் கிடந்த ரொட்டி கைக்குக் கடினமாக இருந்தாலும் உள்ளே தண்ணீர் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதன்மேல் ஸ்டாக்கை ஊற்றினால் இழுத்துக்கொள்ள இடம் குறைவு. மேற்பரப்பு கரைந்து பசையாகும், நடுவில் ஒன்றும் போய்ச் சேராது.

ஆகவே ரொட்டி புதிதா பழசா என்பதைவிட அதை ஓவனில் உலர்த்தினீர்களா என்பதே முக்கியம். அரை முதல் முக்கால் அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 275 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (135 செல்சியஸ்) முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். நடுவில் ஒரு தடவை கிளறிவிட வேண்டும். நிறம் மாறுவது நோக்கமில்லை. ஒரு துண்டை எடுத்துக் கடித்தால் நடுவரை நொறுங்க வேண்டும், அதுதான் கணக்கு. அவசரப்பட்டு 400 டிகிரியில் வைத்தால் வெளியே கருகும், உள்ளே ஈரம் நிற்கும். முதல் நாளே செய்து வைக்கலாம். ஆனால் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் வியர்த்துப் போகும், செய்த வேலை வீண்.

எந்த ரொட்டி? கடையில் கிடைக்கும் சாண்ட்விச் வெள்ளை ரொட்டியில் கொஞ்சம் கெட்டியான வகை போதும். சான் பிரான்சிஸ்கோ பக்கம் புளித்த மாவு ரொட்டியை விரும்புவார்கள். அதன் ஓடு தடிமன் என்பதால் ஸ்டாக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். தெற்கு மாநிலங்களில் இதையே சோள ரொட்டியில் செய்து டிரெஸ்ஸிங் என்பார்கள். அதற்குக் கடையில் விற்கும் இனிப்புச் சோள ரொட்டிக் கலவையை வாங்கிவிடாதீர்கள், சேஜும் சர்க்கரையும் ஒன்றோடொன்று சண்டை போடும். சோள ரொட்டியைக் கிளறவும் கூடாது, தூளாகிவிடும்; மெல்லப் புரட்டினால் போதும்.

துண்டின் அளவில் இத்தனை விஷயம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் 1972-இல் ஸ்டவ் டாப் என்ற பெயரில் ஐந்து நிமிட ஸ்டஃபிங்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ரூத் சீம்ஸ் என்ற மனையியல் நிபுணர். 1975-இல் அவர்களுக்குக் கிடைத்த காப்புரிமையின் மையமே ரொட்டித் துகளின் அளவும் அமைப்பும்தான். துகள் ரொம்பப் பொடியாக இருந்தால் தண்ணீர் பட்டதும் கூழாகும், ரொம்பப் பெரிதாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் ஊறாது. பென்சில் நுனி ரப்பர் அளவுக்கு வந்து நின்றார்கள். வீட்டு ஓவனில் ஊற நேரம் இருப்பதால் நமக்கு அதைவிடப் பெரிய துண்டு ஒத்துவரும். ஆனால் மிக்ஸியில் போட்டு ரொட்டித்தூள் செய்வது எந்த வகையிலும் சரிவராது.

ஸ்டாக்கை ஒரே மூச்சில் ஊற்றுவது

2½ கப் என்று எழுதியிருக்கிறது என்பதற்காக முழுவதையும் கவிழ்க்க வேண்டாம். முக்கால் பங்கை ஊற்றிப் புரட்டி, பத்து நிமிடம் விடுங்கள். உலர்ந்த ரொட்டி நிதானமாகத்தான் குடிக்கும். பிறகு ஒரு துண்டை விரலால் அழுத்துங்கள். ஈரம் தெரிய வேண்டும், ஆனால் துண்டு தன் வடிவத்தை விடக் கூடாது. பாத்திரத்தின் அடியில் ஸ்டாக் தேங்கி நின்றால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அப்படி ஆனால் கொஞ்சம் உலர்ந்த ரொட்டியைச் சேர்ப்பதுதான் வழி. அதற்காகவே ஒரு கைப்பிடித் துண்டை எப்போதும் தனியாக எடுத்து வைப்பது நல்லது.

இன்னொன்று, கொதிக்கும் ஸ்டாக்கோடு முட்டையைக் கலப்பது. முட்டை அங்கேயே வெந்து திரிதிரியாகிவிடும். ஸ்டாக் வெதுவெதுப்பாக ஆறிய பிறகு முட்டையை அடித்துக் கலக்குங்கள். அதற்கு முன்பே, முட்டை சேராத நிலையில், ஒரு துண்டை வாயில் போட்டு உப்பு பார்த்துவிடுங்கள்.

உப்பு பற்றிச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. பெட்டியில் வரும் பிராத்திலேயே, அதாவது கடை ஸ்டாக்கிலேயே, உப்பு இருக்கும், வெண்ணெயிலும் இருக்கலாம், ரொட்டியிலும் இருக்கிறது. உப்புக் குறைந்த பிராத்தும் உப்பில்லாத வெண்ணெயும் வாங்கினால் உப்பு உங்கள் கையில். உப்புநீரில் ஊறவைத்து வேகவைத்த வான்கோழியின் சாறை ஸ்டஃபிங்கில் ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிடுங்கள்.

காயை அரைவேக்காட்டில் விடுவதும் சேஜைக் கொட்டுவதும்

ரொட்டியோடு சேர்ந்து ஓவனில் வெந்துவிடும் என்று நினைத்துப் பச்சைச் செலரியைப் போடுவார்கள். வேகாது. நறுக் நறுக்கென்று கடிபடும், போதாததற்குத் தண்ணீரும் விடும். வெங்காயத்தையும் செலரியையும் மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் மெதுவாக வதக்க வேண்டும். நம் குழம்புக்குப் போல வெங்காயம் சிவக்க வேண்டாம், கண்ணாடி போல ஆனால் போதும்.

சேஜ் வாசனை இல்லாவிட்டால் இது ஸ்டஃபிங்கே இல்லை. கூடினாலோ கைமருந்து வாசம் அடிக்கும். ஒரு பவுண்ட் ரொட்டிக்குப் பொடித்த காய்ந்த சேஜ் இரண்டு டீஸ்பூன் போதும். புதிய இலை என்றால் நறுக்கி இரண்டு டேபிள்ஸ்பூன், அதாவது மூன்று மடங்கு. எதுவானாலும் வதங்கும் வெண்ணெயில் கடைசி ஒரு நிமிடம் போட்டுப் புரட்டினால்தான் மணம் ரொட்டி முழுக்கப் பரவும். நியூ இங்கிலாந்துப் பக்கம் பல வீடுகளில் பெல்ஸ் சீசனிங் என்ற கலவையைப் பயன்படுத்துவார்கள். 1867-இல் பாஸ்டனில் தொடங்கியது. அதில் உப்பு கிடையாது, ஆகவே உப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

நம்மவர்களுக்குக் கை அரிக்கும்: ஒரு பச்சை மிளகாய், கொஞ்சம் கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை கரம் மசாலா. தாராளமாகப் போடுங்கள், உங்கள் வீட்டு விருந்து. ஆனால் கடுகு தாளித்தால் அது பிரெட் உப்புமா. அன்றைய தட்டில் கிரான்பெர்ரி சாஸும் கிரேவியும் பக்கத்தில் இருக்கும் என்பதால், சேஜோடு மிளகு மட்டும் தூக்கலாக இருப்பது என் நாக்குக்குச் சரியாக இருக்கிறது.

பறவைக்குள் திணிப்பது

ஸ்டஃபிங் என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது என்றாலும், அமெரிக்க வேளாண் துறை ஸ்டஃபிங்கைத் தனி ட்ரேயில் வேகவைக்கவே பரிந்துரைக்கிறது. பறவையின் வயிற்றில் இருக்கும் ஸ்டஃபிங் பச்சை இறைச்சியின் சாறை உறிஞ்சுகிறது. அதோடு பறவையின் உடம்பிலேயே சூடு கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அதுதான். நெஞ்சுக் கறி வெந்து பதமாக இருக்கும் நேரத்தில் உள்ளே சால்மொனெல்லா கிருமி செத்திருக்காது. உள்ளே வேகும்வரை வைத்தால் நெஞ்சுக் கறி பஞ்சாகும். இரண்டில் ஒன்று கெடும்.

பரம்பரை வழக்கம், உள்ளே வைத்தே ஆக வேண்டும் என்றால், சிலவற்றை மீறவே கூடாது. முதல் நாள் இரவே திணித்து ஃபிரிட்ஜில் வைப்பது ஆபத்து. ஈரப் பொருளையும் காய்ந்த பொருளையும் தனித்தனியே வைத்திருந்து, ஓவனில் ஏற்றுவதற்குச் சற்றுமுன் கலந்து, உடனே உள்ளே வைக்க வேண்டும். பறவையின் எடையில் பவுண்டுக்கு முக்கால் கப் ஸ்டஃபிங் என்பது அளவு. இறுக்கி அடைத்தால் வேகும்போது உப்பி, நடுவில் சூடே ஏறாது. உறைந்த வான்கோழி முழுதாக இளகியிருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் இளக ஒவ்வொரு 4-5 பவுண்டுக்கும் ஒரு நாள் பிடிக்கும், எனவே வியாழக்கிழமை விருந்துக்கு 15 பவுண்ட் பறவையை ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரீசரிலிருந்து கீழே இறக்கிவிடுங்கள். வயிற்றில் பனிக்கட்டியோடு ஸ்டஃபிங்கும் சேர்ந்தால் எத்தனை மணி நேரம் வைத்தாலும் கணக்கு உதைக்கும்.

12-14 பவுண்ட் பறவை 325 டிகிரியில் ஸ்டஃபிங் இல்லாமல் 3 முதல் 3¾ மணி நேரம் எடுக்கும், உள்ளே வைத்தால் 3½ முதல் 4 மணி நேரம். ஆனால் கடிகாரத்தை நம்ப வேண்டாம். தெர்மாமீட்டரை ஸ்டஃபிங்கின் நடுமையத்தில் செருகிப் பாருங்கள், 165 டிகிரி (74 செல்சியஸ்) காட்ட வேண்டும். பறவை வெந்து ஸ்டஃபிங் மட்டும் 150-இல் நின்றால், அதைக் கரண்டியால் வழித்து ட்ரேயில் போட்டு மறுபடி ஓவனில் வையுங்கள். அதற்குள் பறவையும் ஆறி அறுக்கத் தயாராகிவிடும். 165 காட்டாத ஸ்டஃபிங்கை "மேலாகச் சூடாத்தானே இருக்கு" என்று பரிமாறக் கூடாது, குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கண்டிப்பாகக் கூடாது.

சரி, பறவைக்குள் வெந்த ருசி ட்ரேயில் வருமா? கிட்டத்தட்ட வரும். சில வான்கோழி இறக்கைகளை முதலில் நன்றாகச் சிவக்க வறுத்து, ஸ்டஃபிங்கின் மேல் அடுக்கி, ட்ரேயை மூடி வேகவைத்தால் கொழுப்பும் சாறும் கீழே இறங்கும். என் கணக்கில் இது பழைய முறையைவிட மேல், ஏனென்றால் மொறுமொறு மேல்பாகமும் சேர்ந்து கிடைக்கிறது. ட்ரேயின் நடுவிலும் அதே 165 டிகிரி வேண்டும்.

மூடாமல் வேகவைப்பது, மூடியே வைத்திருப்பது

இரண்டுமே தப்பு. 375 டிகிரியில் முதல் அரை மணி நேரம் ஃபாயில் போட்டு மூடி, அப்புறம் திறந்து கால் மணி முதல் இருபது நிமிடம். முழுக்கத் திறந்து வைத்தால் வறண்டு போகும், முழுக்க மூடி வைத்தால் வெந்த புட்டு மாதிரி வரும். அன்றைக்கு ஓவனில் இடம் கிடைப்பதுதான் பெரிய பிரச்சினை. வான்கோழியை வெளியே எடுத்து அறுப்பதற்கு முன் அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும், அந்த இடைவெளிதான் ஸ்டஃபிங் ட்ரேயின் முறை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் வரும்போது

அமெரிக்கத் தமிழ் வீடுகளில் விருந்தினரில் பாதிப் பேர் சைவமாக இருப்பது சாதாரணம். பறவைக்குள் வெந்த ஸ்டஃபிங்கில் ஒரு துளி இறைச்சி சேர்க்காவிட்டாலும் அது சைவமில்லை. பாக்கெட் கலவைகள் பலவற்றில் கோழிச்சாறு கலந்திருக்கும், அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். சைவத்துக்குத் தனி ட்ரே, தனிக் கரண்டி. பெட்டியில் வரும் காய்கறி பிராத் பெரும்பாலும் கேரட் தூக்கலாக இனிக்கும். அதைவிட உலர்ந்த காளான் ஊறிய தண்ணீரில் வெங்காயமும் செலரி அடிப்பாகமும் போட்டுக் கொதிக்கவைத்து வடித்த சாறு பிரமாதமாக இருக்கும். முட்டையும் கூடாது என்றால் விட்டுவிடலாம், துண்டுகள் சற்று உதிரியாக வரும், ருசி குறையாது.

மிச்சம்

சமைத்ததை மேசையிலேயே இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாவில் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். பறவைக்குள் இருந்ததை முழுவதும் வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். மறுநாள் சுடவைக்கும்போது இரண்டு ஸ்பூன் ஸ்டாக் தெளித்து, மூடி, மறுபடியும் 165 டிகிரி. இல்லையென்றால் உள்ளங்கை அளவு தட்டி, வெண்ணெய் விட்ட வாணலியில் இருபுறமும் சிவக்க வறுத்து, மேலே ஒரு ஆஃப்பாயில் போட்டு வெள்ளிக்கிழமை காலை சாப்பிடலாம்.